பில்டில் ஒன்று, ஓடுவது இன்னொன்று: எங்கள் சர்வருக்கு டிஎல்எஸ் லைப்ரரி மாற்றிய அனுபவம்

எங்கள் வெப் சர்வர் சி மொழியில் எழுதியது. ஊரறிந்த பெயர் இல்லை, ஆனால் அதை நம்பி ரிவர்ஸ் பிராக்ஸியாக (வேறு சர்வர்களுக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்புவதாக) வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் பில்ட், அதாவது கோடைக் கம்பைல் செய்து ஓடும் பைனரியாகக் கட்டும் வேலை, பல வருஷத்து மேக்ஃபைல் ஒன்றில் இருந்தது. ஒருவர் எழுதி, அடுத்தவர் ஒட்டுப்போட்டு, அதற்கடுத்தவர் எதையும் தொடப் பயந்து அப்படியே விட்டு வந்தது. டிஎல்எஸ்-க்கு, அதாவது இணைப்பை மறையாக்கம் செய்யும் நெறிமுறைக்கு, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற லைப்ரரியின் 1.1.1 வரிசை மட்டும்தான். அந்த வரிசைக்கான ஆதரவு 2023 செப்டம்பர் 11 அன்று முடிகிறது என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம், இருந்தும் அந்த வருஷம் ஜூலை வரை நாங்கள் கை வைக்கவில்லை.

கை வைத்தபோது மூன்று வேலைகளை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். 3.0-வுக்கு மாறுவது, லிப்ரெஎஸ்எஸ்எல், ஏடபிள்யூஎஸ்-எல்சி போன்ற வேறு லைப்ரரிகளையும் தேர்வாகக் கொடுப்பது, மேக்ஃபைலைத் தூக்கிவிட்டு சிமேக் என்ற பில்ட் கருவிக்குப் போவது. மூன்றும் ஒரே கிளையில். இதை யாரும் செய்யாதீர்கள். ஏதாவது உடைந்தால் லைப்ரரியால் உடைந்ததா, பில்ட் மாறியதால் உடைந்ததா என்று பிரித்தறிய வழியே இருக்காது. இரண்டு வாரம் கழித்து எல்லாவற்றையும் கலைத்து, பழைய மேக்ஃபைலிலேயே 3.0-வை முதலில் ஓடவைத்து, அதன் பிறகுதான் சிமேக்கைத் தொட்டேன்.

முதல் நாளே ஒரு லிங்க் பிழை என்னை அரை நாள் உட்கார வைத்தது. 'எஸ்எஸ்எல் கெட்1 பியர் சர்டிஃபிகேட்' என்ற ஃபங்ஷனைக் காணவில்லை என்று, கம்பைல் ஆன துண்டுகளை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்க்கர் சொல்கிறது. எங்கள் கோடு முழுக்கத் தேடினேன், அந்தப் பெயர் ஓரிடத்திலும் இல்லை. நாங்கள் எழுதியிருந்தது அந்த '1' இல்லாத பழைய பெயர். நான் எழுதாத ஒன்றை ஏன் கேட்கிறது? லைப்ரரியின் ஃபங்ஷன் பெயர்களை அறிவிக்கும் ஹெடர் கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது: 3.0-வில் பழைய பெயர் வெறும் மேக்ரோ, புதுப் பெயரைக் காட்டும் கைகாட்டி மட்டும். அப்படியானால் கம்பைலர் படித்தது 3.0 ஹெடர்தான். லிங்க்கர் பிடித்தது மட்டும் பழைய 1.1.1 லைப்ரரி.

எப்படி இது நடந்தது என்றால், ஏற்கெனவே 1.1.1 இருந்த அதே கோப்புறையில் 3.0-வையும் நிறுவியிருந்தேன். ஹெடர்கள் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டுவிட்டன. லைப்ரரி கோப்புகளோ, 64 பிட் லினக்ஸில் 3.0 அவற்றை இயல்பாக 'லிப்64' என்ற கோப்புறையில் போடுகிறது, 1.1.1 போட்டது 'லிப்'-இல். எங்கள் மேக்ஃபைல் 'லிப்'-ஐத்தான் பார்த்தது. ஆக, தலை புதிது, உடம்பு பழசு. கான்ஃபிகர் செய்யும்போதே லிப்டிர் என்ற விருப்பத்தில் 'லிப்' என்று கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அதைவிட முக்கியம், ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் கோப்புறை. இடம் ஒன்றும் பெரிதாகப் போய்விடாது.

இந்தப் பிழை சத்தம் போட்டு நின்றது, அதனால் பிழைத்தேன். பின்னால் வந்தவை சத்தமே போடவில்லை.

பல லைப்ரரி சேர்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓப்பன்எஸ்எஸ்எல் பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு, ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளக் குழு அதே மாதம் ஓப்பன்எஸ்எஸ்எல்-இலிருந்து பிரித்து எடுத்ததுதான் லிப்ரெஎஸ்எஸ்எல். ஜூனில் கூகுள் தன் பிரிவான போரிங்எஸ்எஸ்எல்-ஐ வெளியே காட்டியது. அமேசானின் ஏடபிள்யூஎஸ்-எல்சி போரிங்எஸ்எஸ்எல், ஓப்பன்எஸ்எஸ்எல் இரண்டின் கோடிலிருந்தும் வளர்ந்தது. எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்த கிளைகள் என்பதால் ஃபங்ஷன் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும், கோடும் முக்கால்வாசி அப்படியே கம்பைல் ஆகும். அந்த மீதிக் கால்வாசியில்தான் வேலையே. எம்பெட்டிஎல்எஸ் போன்றவற்றின் இடைமுகமே வேறு, அதைச் சேர்க்க வேண்டுமானால் நடுவில் நாமே ஓர் அடுக்கு எழுத வேண்டும். எங்களுக்கு அதைப் பராமரிக்க ஆள் இல்லை, அதனால் முதலிலேயே வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அந்த முடிவில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

எங்கள் கோடில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் 'ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பு எண் இதைவிடப் பெரிதா' என்ற நிபந்தனை சிதறிக் கிடந்தது. ஒரே ஒரு லைப்ரரி இருக்கும்வரை இது ஓடும். லிப்ரெஎஸ்எஸ்எல் வந்ததும் குழம்பிவிடும், ஏனென்றால் அது அந்தப் பதிப்பு எண்ணை 2.0.0 என்று நிரந்தரமாக வைத்திருக்கிறது, தன் உண்மையான எண்ணை வேறொரு பெயரில் தருகிறது. ஆகவே '1.1.0-வைவிடப் புதிதா' என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லும், ஆனால் நீங்கள் எதிர்பார்த்த ஃபங்ஷன் அங்கே இல்லாமல் போகலாம். '3.0-வைவிடப் புதிதா' என்று கேட்டால் இல்லை என்று சொல்லும், அப்போது நம் கோடு அதை 1.1.1 போலவே நடத்தப் பார்க்கும். போரிங்எஸ்எஸ்எல், ஏடபிள்யூஎஸ்-எல்சி இரண்டும் தங்களை 1.1.1 என்றே சொல்லிக்கொள்ளும். முதலில் நான் செய்தது ஒவ்வொரு இடத்திலும் 'லிப்ரெஎஸ்எஸ்எல் இல்லையென்றால்', 'ஏடபிள்யூஎஸ்-எல்சி இல்லையென்றால்' என்று கூடுதல் நிபந்தனை ஒட்டியதுதான். பத்து இடம் முடிப்பதற்குள் என்னாலேயே அதைப் படிக்க முடியவில்லை.

சரி, கேள்வியை மாற்றுவோம் என்று முடிவு செய்தேன். 'நீ யார், உன் எண் என்ன' என்று கேட்காமல், 'உன்னிடம் இந்த ஃபங்ஷன் இருக்கிறதா' என்று பில்ட் நேரத்திலேயே கேட்டுவிட வேண்டும். சிமேக் ஒரு குட்டி நிரலை எழுதி, கம்பைல் செய்து, லிங்க் செய்து பார்க்கும். முடிந்தால் உண்டு, முடியாவிட்டால் இல்லை. விடைகள் ஒரு ஹெடரில் போகும். டிஎல்எஸ் தொடர்பான எல்லா நிபந்தனைகளும் ஒரே ஒரு சி கோப்புக்குள் அடங்கும், சர்வரின் மற்ற கோடுக்கு எந்த லைப்ரரி என்றே தெரியாது. இந்த ஒரு கோப்பை ஒழுங்குபடுத்த மூன்று வாரம் ஆனது. மொத்த வேலையிலும் அதிகப் பலன் தந்தது அந்த மூன்று வாரம்தான், இரண்டாவது லைப்ரரியைச் சேர்க்கப் போகிறவர்கள் அதைச் சேர்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. ஒரே பெயர் ஒரு லைப்ரரியில் உண்மையான ஃபங்ஷன், இன்னொன்றில் மேக்ரோ. டிஎல்எஸ் குழுக்கள் என்பவை இரு பக்கமும் ரகசியச் சாவியை ஒப்புக்கொள்ளும் முறைகள்; அவற்றின் பட்டியலைக் கொடுக்கும் அழைப்பு ஓப்பன்எஸ்எஸ்எல்-இல் மேக்ரோதான். ஃபங்ஷன் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை அதை 'இல்லை' என்று சொல்லிவிடும். ஆகவே ஹெடரையும் சேர்த்துப் பார்க்கும் சிம்பல் சோதனையைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, இது என்னை ரொம்பவே உலுக்கியது. போரிங்எஸ்எஸ்எல்-ஐ முயன்று பார்த்தபோது பில்ட் அருமையாக முடிந்தது, ஒரு எச்சரிக்கைகூட இல்லை. ஆனால் கான்ஃபிகர் வெளியீட்டை மேலே தள்ளிப் பார்த்தால் எல்லாச் சோதனைக்கும் விடை 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. இப்போதைய போரிங்எஸ்எஸ்எல்-க்கு சி++ ரன்டைம் வேண்டும். எங்கள் சர்வரை லிங்க் செய்யும் வரியில் அதைச் சேர்த்திருந்தேன், சோதனை நிரல்களுக்குச் சேர்க்கவில்லை. அதனால் ஒவ்வொரு குட்டி நிரலும் லிங்க் ஆகாமல் தோற்று, சிமேக் அதை 'அந்த வசதி இல்லை' என்று எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அணைத்து, மொட்டையான ஒரு சர்வரைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து முதல் சோதனையாக, எல்லா லைப்ரரியிலும் கட்டாயம் இருக்கும் ஒரு ஃபங்ஷனைக் கேட்கிறோம். அதற்கே 'இல்லை' என்று வந்தால் பில்ட் அங்கேயே நிற்க வேண்டும். போரிங்எஸ்எஸ்எல்-ஐப் பின்னர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம், இடைமுகம் நிலையாக இருக்கும் என்று அவர்களே உத்தரவாதம் தருவதில்லை, அது அவர்கள் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும் விஷயம். அந்த வேகத்துக்கு எங்களைப் போன்ற சின்னக் குழுவால் ஓட முடியாது.

மேக்ஃபைலை எடுத்தபோது அதில் என்னென்ன இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும், நான் வைக்கவில்லை. சிமேக்கில் பில்ட் வகையைச் சொல்லாவிட்டால் அது காலியாகவே இருக்கும், அதாவது வேகத்துக்காகக் கோடைச் செம்மைப்படுத்தும் ஆப்டிமைசேஷன் எதுவும் கிடையாது. பழைய மேக்ஃபைலில் அதற்கான 'ஓ2' கொடி இருந்தது. ஆப்டிமைசேஷன் இல்லையென்றால் ஃபோர்ட்டிஃபை சோர்ஸ் என்ற பாதுகாப்பும் வேலை செய்யாது, ஏனென்றால் அது அதைச் சார்ந்தது. ரெல்ரோ, நவ் போன்ற பாதுகாப்புக்கான லிங்க்கர் விருப்பங்களும் வழியில் விழுந்துபோயின. சர்வர் ஏன் மந்தமாக இருக்கிறது என்று ஒருவர் கேட்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. நவீனப்படுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு முன்பிருந்த பாதுகாப்பைக் குறைத்து வைத்திருந்தேன் என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. இப்போது பில்ட் முடிந்ததும் ஒரு ஸ்கிரிப்ட் பைனரியைத் திறந்து, இந்தக் கொடிகள் உண்மையிலேயே உள்ளே இருக்கின்றனவா என்று பார்க்கிறது. கட்டளை வரியை நம்புவதில்லை, வெளியே வந்த கோப்பைத்தான் பார்க்கிறோம்.

அப்புறம், தலைப்பில் சொன்ன அந்த விஷயம்.

2025 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5 வந்தது. நீண்டகால ஆதரவுப் பதிப்பு, குவாண்டம் கணினிகளையும் தாங்கும் எம்எல்-கெம் என்ற சாவிப் பரிமாற்ற முறை உள்ளேயே வருகிறது. மறையாக்கிய போக்குவரத்தை இன்று பதிவு செய்து வைத்துக்கொண்டு பல வருஷம் கழித்து உடைத்துப் பார்க்கலாம் என்று யாராவது நினைத்தால் அதற்கு எதிரான கவசம் இது, அதனால் எங்கள் பயனர்களில் சிலர் உடனே கேட்டார்கள். 3.5-ஐத் தனிக் கோப்புறையில் கட்டினோம், குழுப் பட்டியலில் அதைப் பயன்படுத்தும் எக்ஸ்25519-எம்எல்கெம்768-ஐ முதலில் வைத்தோம், டெஸ்ட் எல்லாம் பச்சை. வெளியிட்டோம். ஆறு நாள் கழித்து, வேறு எதையோ பார்க்கப்போய் 3.5-இன் எஸ் கிளையன்ட் என்ற சோதனைக் கட்டளையால் சர்வரைத் தொட்டேன். வெளியீட்டில் வெறும் எக்ஸ்25519 என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் இருக்க வேண்டிய எம்எல்கெம் இல்லை.

திரும்பத் திரும்ப ஓட்டினேன், அதே விடை. பில்ட் கோப்புறையில் இருக்கும் பைனரியை ஓட்டினால் எம்எல்கெம் வருகிறது. நிறுவிய பைனரியை ஓட்டினால் வரவில்லை. ஒரே கோடு, ஒரே நாளில் கட்டியது. பைனரி எந்த லைப்ரரியைப் பிடிக்கிறது என்று காட்டும் எல்டிடி கட்டளையைப் போட்டுப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது: நிறுவிய பைனரி பிடித்திருந்தது எங்கள் 3.5-ஐ அல்ல, இயங்குதளத்தோடு வந்த 3.0-வை.

காரணம் இரண்டு, இரண்டும் சேர்ந்தால்தான் இந்த விபத்து. சிமேக், பில்ட் கோப்புறையில் இருக்கும் பைனரிக்குள் லைப்ரரி இருக்கும் பாதையைத் தானே எழுதி வைக்கும், ஆனால் நிறுவும்போது அந்தப் பாதையை அழித்துவிடும், இன்ஸ்டால் ஆர்பாத் என்ற விருப்பத்தில் பாதையை நாம் தனியாகச் சொன்னாலொழிய. எங்கள் டெஸ்ட் எல்லாம் பில்ட் கோப்புறையிலேயே ஓடின. இது ஒன்று. மற்றது, 3.0, 3.5 இரண்டுக்கும் ஓடும்போது லைப்ரரியைத் தேடப் பயன்படும் பகிர்வுப் பெயர் ஒன்றுதான், முடிவில் வெறும் 3. 1.1.1-க்கும் 3.0-வுக்கும் பெயர் வேறு என்பதால் சர்வர் கிளம்பவே கிளம்பாது, நமக்கும் தெரிந்துவிடும். 3 வரிசைக்குள் அந்தப் பாதுகாப்பு இல்லை. 3.5-இல் மட்டும் இருக்கும் ஃபங்ஷன் எதையும் நாம் அழைக்கவில்லையென்றால், 3.0-வின் மேலும் அது சமர்த்தாக ஓடும்.

குழுப் பட்டியலில் தெரியாத பெயர் வந்தால் 3.0 பிழை சொல்லத்தானே செய்யும்? சொன்னது. அந்த அழைப்பு பூஜ்யத்தைத் திருப்பித் தந்தது. நாங்கள் அதைப் பார்க்காமல் விட்டிருந்தோம். மொத்தப் பட்டியலும் நிராகரிக்கப்பட்டு, லைப்ரரியின் இயல்பான பட்டியலோடு சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு நாள், நாங்கள் பயனர்களுக்குச் சொன்ன பாதுகாப்பு அங்கே இல்லை. மறுநாளே எல்லாருக்கும் எழுதி நடந்ததைச் சொன்னோம்.

இதற்குப் பிறகு செய்த மாற்றம் மிகச் சின்னது, ஆனால் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பைல் நேரத்து லைப்ரரிப் பெயர் ஹெடரில் மாறிலியாக இருக்கிறது, ஓடும் நேரத்துப் பெயரை ஒரு ஃபங்ஷன் சொல்லும். சர்வர் கிளம்பும்போது இரண்டையும் ஒரே வரியில் லாக் செய்கிறோம்: 'கட்டியது 3.5, ஓடுவது 3.0' என்பது போல. என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் பெரிய வி விருப்பம் போட்டால் இரண்டும் வேறுபடும்போது இதே போலத்தான் காட்டும். ஓடுவது கட்டியதைவிடப் பழசாக இருந்தால் எங்கள் சர்வர் கிளம்ப மறுக்கும். குழுப் பட்டியல், சைஃபர் (மறையாக்க முறை) பட்டியல் எதை லைப்ரரி ஏற்கவில்லையென்றாலும் அப்படியே. டெஸ்ட்டும் இப்போது சுத்தமான கண்டெய்னரில் நிறுவிய பைனரியின் மேல்தான் ஓடுகிறது, ஹேண்ட்ஷேக் (இணைப்பின் தொடக்கப் பேச்சு) செய்து, எந்தக் குழு ஒப்புக்கொள்ளப்பட்டது என்று படித்து ஒப்பிடுகிறது.

லைப்ரரியைப் பைனரிக்குள்ளேயே சேர்த்து, ஸ்டாட்டிக்காக லிங்க் செய்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லையே என்று கேட்பீர்கள். செய்தோம், ஏடபிள்யூஎஸ்-எல்சியை அப்படித்தான் சேர்த்தோம். அங்கே வேறு பூதம் கிளம்பியது. எங்கள் சர்வர் மாட்யூல்களை ஓடும்போது ஏற்றும், அதற்காகத் தன் சிம்பல்களை, அதாவது ஃபங்ஷன் போன்றவற்றின் பெயர்களை, வெளியே காட்டும். ஒரு மாட்யூல் டேட்டாபேஸ் கிளையன்ட் லைப்ரரியை இழுத்து வந்தது, அது தன் பங்குக்கு இயங்குதளத்தின் ஓப்பன்எஸ்எஸ்எல்-ஐ நம்பி இருந்தது. ஆனால் அதே பெயருள்ள ஃபங்ஷன்கள் சர்வருக்குள்ளேயே தெரிந்ததால், டைனமிக் லிங்க்கர் அதை எங்கள் ஏடபிள்யூஎஸ்-எல்சிக்குத் திருப்பிவிட்டது. பெயர் ஒன்று, உள்ளே ஸ்ட்ரக்சரின் அமைப்பு வேறு. முதல் டேட்டாபேஸ் இணைப்பிலேயே சர்வர் விழுந்தது. லிங்க்கருக்கு 'எக்ஸ்க்ளூட் லிப்ஸ்' விருப்பம் கொடுத்து, ஸ்டாட்டிக் லைப்ரரிகளின் சிம்பல்கள் வெளியே தெரியாமல் மறைத்ததும் சரியானது. இந்தப் பிழைக்கு ஸ்டாக் டிரேஸை மட்டும் பார்த்து விடை கண்டுபிடிக்க முடியாது, எந்த ஃபங்ஷன் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று லிங்க்கரிடமே கேட்க வேண்டும். எல்டி டீபக் என்ற சூழல் மாறியில் 'பைண்டிங்ஸ்' என்று வைத்து ஓட்டினால் வரி வரியாகச் சொல்லிவிடும்.

அதோடு, ஸ்டாட்டிக் என்றால் லைப்ரரியில் ஓட்டை வரும் ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் மறுபடி கட்டி வெளியிட வேண்டும். விடுமுறை நாளிலும். அதற்குத் தயாராக இல்லாதவர்கள் இயங்குதளத்தின் லைப்ரரியோடு டைனமிக்காகப் போவதே நல்லது, எங்கள் இயல்பான தேர்வும் அதுதான்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. தனியாகக் கட்டிய ஓப்பன்எஸ்எஸ்எல் தன் சொந்தக் கோப்புறையில்தான் சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) சான்றிதழ்களைத் தேடும், அங்கே எதுவும் இருக்காது; பின்னால் இருக்கும் சர்வர்களின் சான்றிதழைச் சரிபார்க்க முடியாமல் ஒரு காலையில் எல்லாம் தோற்றன. ஓப்பன்எஸ்எஸ்எல்டிர் என்ற விருப்பத்தை இயங்குதளத்தின் இடத்துக்குக் காட்டுங்கள். 3.0-வில் இயல்பான பாதுகாப்பு நிலையில் டிஎல்எஸ் 1.0, 1.1 ஓடாது; அவற்றை 2021 மார்ச்சிலேயே ஆர்எஃப்சி 8996 என்ற இணையத் தர ஆவணம் வழக்கொழித்துவிட்டது என்றாலும் பழைய கருவிகள் வைத்திருப்பவர்கள் கேட்பார்கள், கான்ஃபிகில் ஒரு விருப்பம் கொடுத்தோம், இயல்பு நிலையைத் தொடவில்லை. 3 வரிசையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஹாஷ் முறையைப் பெயரால் தேடவிட்டால் வேகம் குறையும், கிளம்பும்போதே ஒருமுறை ஃபெட்ச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் ரத்தாகவில்லை என்ற சான்றைச் சர்வரே சேர்த்துக் கொடுக்கும் ஓசிஎஸ்பி ஸ்டேப்ளிங் எல்லா லைப்ரரியிலும் ஒரே மாதிரி இல்லையே என்று நிறைய கவலைப்பட்டேன். 2025 ஆகஸ்டில், இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் தன் ஓசிஎஸ்பி சேவையை நிறுத்தியதும் எங்கள் பயனர்களில் பலருக்கு அந்தத் தேவையே போய்விட்டது.

தேர்வாகக் கொடுக்கும் ஒவ்வொரு லைப்ரரிக்கும் தினமும் இரவில் முழுச் சோதனை ஓடுகிறது: ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0, 3.5, லிப்ரெஎஸ்எஸ்எல், ஏடபிள்யூஎஸ்-எல்சி. ஐந்தாவதாக ஒன்று கேட்டு ஒருவர் பேட்ச் அனுப்பினார், நன்றாகவே எழுதியிருந்தார். அந்த லைப்ரரிக்கான சோதனையையும் தினமும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன், முடியாது என்றார், சேர்க்கவில்லை. அவருக்கு அது ஏமாற்றம்தான், எனக்கும் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

3.0-வுக்கான ஆதரவு 2026 செப்டம்பர் 7 வரைதான். இந்த முறை ஜூலை வரை காத்திருக்கப் போவதில்லை. கிளம்பும்போது லாக்கில் விழும் அந்த வரியைப் பயனர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம், அதில் இரண்டாவது எண் இன்னும் 3.0 என்று எத்தனை பேரிடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அந்த வரிசையைப் பட்டியலிலிருந்து நீக்குவோம்.